ஓ.ரி.டி.ஆர் காட்டுற தூரமும் கிடங்கு வெட்டுற இடமும்

வாவிக்கரை:
மட்டக்களப்பு - கல்முனை மாதிரி 40 கிலோமீற்றர் வரும் லைனில பைபர் (கண்ணாடி இழை) கேபிள் அறுந்தா நடக்கிறது இதுதான். பைபருக்குள்ள வெளிச்சம் அடிச்சுத் திரும்பி வாறதை வச்சுத் தூரம் அளக்கிற ஓ.ரி.டி.ஆர் மெசினைக் கொழுவுறது, 23.480 கிலோமீற்றர் எண்டு வந்ததும் மோட்டார் சைக்கிள் மீற்றரைப் பார்த்து அந்த இடத்தில போய் நிண்டு கிடங்கு வெட்டுறது. கேபிள் இருக்கும், உடைவு இருக்காது. மெசின் அளந்தது கண்ணாடியின்ர நீளம், ரோட்டின்ர நீளம் இல்ல.

கணக்கைப் பாருங்க. ரியூப்புக்குள்ள பைபர் முறுகித்தான் கிடக்கும். 1 வீதம் கூட எண்டு வச்சாலே 235 மீற்றர். 4 கிலோமீற்றருக்கு ஒரு ட்ரம் எண்டா இடையில 5 ஜொயின்ட். ஒவ்வொண்டிலயும் ரெண்டு பக்கமும் 15 மீற்றர் சுருட்டி வச்சிருந்தா இன்னொரு 150. ஆக 385 மீற்றர் இஞ்சால வரணும். எல்லாரும் மெசினுக்குக் குடுக்கிற ஐ.ஓ.ஆரைத்தான் (கண்ணாடியின்ர ஒளிமுறிவு எண்) குறை சொல்றது. அது 1.468க்குப் பதிலா 1.467 எண்டு கிடந்தாலும் இந்தத் தூரத்துக்கு 16 மீற்றர்தான் பிசகும்.

அதனால ஆரம்பத்தில இருந்து எண்ணாம, உடைவுக்கு முந்தின ஜொயின்ட்டைப் பிடிங்க. அது 20.310 எண்டா மிச்சம் 3.170. இதில 1 வீதம் 32 மீற்றர், சுருள் 15 மீற்றர், அவ்வளவுதான். 40 கிலோமீற்றர் பார்க்க 1 மைக்ரோசெக்கன் பல்ஸ் (ஒருக்கா அடிக்கிற வெளிச்சத் துடிப்பு) வேணும், அது கண்ணாடிக்குள்ள 100 மீற்றரை மூடும். ஜொயின்ட்டுக்குக் கிட்டடியில உடைஞ்சிருந்தா ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும். அப்ப ஜொயின்ட்டைத் திறந்து, மெசினுக்கும் லைனுக்கும் இடையில போடுற 150 மீற்றர் லோஞ்ச் பைபரோட 30 நனோசெக்கனில அடிங்க. பல்ஸ் 3 மீற்றராகச் சுருங்கும்.

தோணாக்கரை:
அண்ணன் சொன்னதில ஒண்டைச் சேர்க்கணும். நல்லாப் போட்ட ஸ்ப்ளைஸின்ர (பைபரை உருக்கி ஒட்டின இடம்) வெளிச்ச இழப்பு 0.03 டிபிதான், 1 மைக்ரோசெக்கன் ட்ரேசில (மெசின் கீறிக் காட்டுற கோடு) அது கண்ணுக்கே படாது. அதைக் காட்டுறது லைன் குடுத்த நாளில ரெண்டு பக்கத்தாலயும் எடுத்த பழைய ட்ரேஸ். அது இல்லாட்டி ஜொயின்ட் எங்க எண்டு சாத்திரம்தான் கேட்கணும். ரெண்டு பக்கமும் ஏன் எண்டா, பழைய கேபிளோட புதுத் துண்டைச் சேர்க்கிற இடத்தில ஒரு பக்கத்தால 0.25 இழப்புக் காட்டும், மறுபக்கத்தால 0.15 லாபம் காட்டும். லாபம் எண்டு ஒண்டு கிடையாது. ரெண்டையும் கூட்டி அரைவாசி எடுங்க, 0.05 வரும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து வெட்டி வெட்டித் திரும்பப் போடுறவங்க கேபிளைத்தான் கட்டையாக்குறாங்க.

அறுந்தா விளங்கும். அறாம வெளிச்சம் மட்டும் குறைஞ்சு இழுபடுறதுதான் கரைச்சல். 1310, 1550 நனோமீற்றர் எண்டு ரெண்டு நிற (அலைநீள) வெளிச்சத்திலயும் அடிச்சுப் பாருங்க. 1310 இல 0.05, 1550 இல 0.6 எண்டா அது வளைவு, ஸ்ப்ளைஸில பிழை இல்ல. பெரும்பாலும் ஜொயின்ட்டுக்குள்ள பைபரைச் சுருட்டி வைக்கிற ட்ரேயை மூடக்குள்ள மூடிக்கடியில ஒரு பைபர் நசிஞ்சிருக்கும். ரெண்டிலயும் ஒரே அளவு கூடினா ஸ்ப்ளைஸைத் திரும்பப் போடுங்க. வேலை செய்யிற லைன் எண்டா 1625 இல அடிங்க, பில்டரோட.

மாரியில மதகுப் பக்கத்து மேன்ஹோல் மாதக்கணக்கில தண்ணிக்குள்ளதான். தண்ணி போனவுடனே லைன் நிக்காது, அதால ஒருத்தரும் கவனிக்கிறதில்ல. வளைஞ்சு இழுபட்டிருக்கிற கண்ணாடியில ஈரம் பட்டா கண்ணுக்குத் தெரியாத கீறல் மெல்ல மெல்லப் பெருக்கும், ஒரு நாள் தானா முறியும். டோமின்ர (ஜொயின்ட்டை மூடுற கூடு) வாயில ஹீட் ஷ்ரிங் (சூடு காட்டினா சுருங்கிற குழாய்) போட முதல் கேபிள் தோலை ஒரு சாண் நீளத்துக்கு எமரி பேப்பரால சுத்திவரத் தேய்ங்க. ஜெல்லியை ஐசோப்ரொப்பைல் அல்ககோலால துடைங்க. ஷ்ரிங் சுருங்கி, விளிம்பில பசை வளையமா வெளிய தள்ளினாத்தான் ஒட்டியிருக்கு. ஓவல் வாயில ரெண்டு கேபிள் போனா நடுவில கிளிப் போடணும். அதை விட்டா அந்த இடைவெளியாலதான் தண்ணி ஏறும். வால்வு இருக்கிற டோமுக்கு 0.4 பார் காத்தடிச்சுச் சவுக்காரத் தண்ணி பூசிப் பார்த்திட்டு இறக்குங்க.

கடற்கரைப் பக்கம் ஸ்ப்ளைஸ் போடக்குள்ள வேனுக்குள்ள இருந்து போடுங்க. காத்து ஆர்க்கை (பைபரை உருக்கிற மின்பொறி) அலைக்கும், உப்பு மண் ஸ்ப்ளைஸ் மெசினில பைபர் படுக்கிற வி-குரூவில போய்க் குந்தும். வெட்டுக்கோணம் 1 பாகைக்கு மேல காட்டினா மெசினோட வாதாடாம திரும்ப வெட்டுங்க. ஒட்டின இடத்தை மூடுற ஸ்லீவை முதல்ல போடுங்க. இதைச் சொல்லவும் வேணுமா எண்டு கேட்கலாம், வேணும்.

வட்டைவிதானை:
அம்பாறைப் பக்கம் வீட்டு லைனுக்கு எதிரி, உழவு மெசின் பெட்டியில ஏத்தின வைக்கோல். அறுவடை முடிஞ்ச கையோட வயல் வட்டையால வாற பாரத்தின்ர உச்சி, கம்பத்தில இருந்து வீட்டுக்குப் போற ட்ரொப் வயரில மாட்டும். வயர் அறுந்தா ஒரு வீடு. அறாம இழுத்தா ஸ்ப்ளிட்டர் (ஒரு பைபர் வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரிக்கிறது) பெட்டிக்குள்ள அடப்டரையும் பெயர்த்துக்கொண்டு போகும், அப்ப எட்டு வீடு. பெட்டி வாயில வயரை இறுக்கிக் கட்டாதீங்க. கம்பத்தில கிளாம்ப், அதுக்குப் பிறகு தளர்வா ஒரு சுருள், அதுக்குப் பிறகு பெட்டி.

ஜி-பொன் (வீட்டுப் பைபர் இணைப்பு) அளவு: ஓ.எல்.ரி (எக்ஸ்சேஞ்ச் பக்க மெசின்) அனுப்புற வெளிச்ச வலு +3 டிபிஎம். இழப்பு, 1:8 ஸ்ப்ளிட்டருக்கு 10.5, 1:4க்கு 7.2, 6 கிலோமீற்றருக்கு 1490 இல 1.5, கனெக்டர் நாலுக்கு 1.2, ஸ்ப்ளைஸ் ஆறுக்கு 0.6. கூட்டினா 21. வீட்டில -18 வரணும். -24 எண்டாலும் ரௌட்டரில பச்சை எரியும், ஏனெண்டா பி பிளஸ் வகை -27 வரை தாங்கும். பச்சை எரியுது எண்டு விட்டிட்டு வராதீங்க, 6 டிபி எங்கயோ ஒழுகுது. முதல்ல பார்க்க வேண்டியது பச்சைக் கனெக்டர் தலையை நீல அடப்டரில செருகியிருக்கா எண்டு. பச்சையின்ர முகம் 8 பாகை சரிவு, நீலத்தோட முட்டாது, நடுவில காத்து நிக்கும். அடுத்தது, கதவு நிலையில ஆணி அடிச்ச இடம்.

கச்சான்காத்து:
40 கிலோமீற்றருக்கு 10 ஜி லைன். ஈ.ஆர் மொடியூல் காணுமா, அதைவிடத் தூரம் போற இசட்.ஆர் வேணுமா?

வாவிக்கரை:
தம்பி, இந்தத் தூரம்தான் ரெண்டுக்கும் இடையில மாட்டுப்படுற தூரம். 1550 இல 40 × 0.22 = 8.8, ஸ்ப்ளைஸ் 0.5, ரெண்டு பக்க ஓ.டி.எப் (கேபிள் வந்து முடியிற பெட்டி) 1.2, மொத்தம் 10.5. ஈ.ஆர் குறைஞ்சது -4.7 இல அனுப்பும், அங்க -15.2 வரும். அதின்ர எல்லை -15.8. ஒரு உடைவைத் திருத்தி ரெண்டு ஜொயின்ட் கூடினா கையில ஒண்டும் மிஞ்சாது. இசட்.ஆர் 0 இல இருந்து +4 வரை அனுப்பும். +4 எண்டா -6.5 வரும், வாங்குற பக்கம் -7க்கு மேல தாங்காது. இசட்.ஆர் போட்டு 5 டிபி அட்டெனுவேற்றர் (வெளிச்சத்தைக் குறைக்கிற துண்டு) வைங்க. மேசையில வச்சு ரெண்டு மீற்றர் பச் கோட்டால ரெண்டு இசட்.ஆரையும் நேர இணைச்சுப் பார்க்காதீங்க, ரிசீவர் செத்துப்போகும்.

பிறகு 40 சனல் மக்ஸ் (பல நிறத்தை ஒரு பைபரில சேர்க்கிறது) போட்டா ஒரு பக்கம் 5.5 எண்டு 11 டிபி கூடும், 21.5 ஆகும். அப்ப அட்டெனுவேற்றரைக் கழட்டுங்க, இசட்.ஆர் -24 வரை வாங்கும். செலவு குறைய எண்டு சி.டபிள்யூ.டி.எம்மில 1470 - 1610 எட்டு நிறம் ஓட்டினா, தோணாக்கரை நானா சொன்ன அந்த நசிஞ்ச பைபர் முதல்ல விழுத்துறது 1610ஐ. 1470 ஒண்டும் தெரியாம ஓடும். மேல் நிறம் மட்டும் விழுந்தா கார்ட்டை மாத்தாம ட்ரேயைத் திறங்க.

தோணாக்கரை:
கேபிள் தோலில மீற்றருக்கு ஒரு இலக்கம் அடிச்சிருக்கும். ஒவ்வொரு ஜொயின்ட்டிலயும் உள்ள வாற இலக்கம், வெளிய போற இலக்கம் ரெண்டையும் எழுதுங்க. மதகு, பாலம் தாண்டுற இடத்திலயும் எழுதுங்க. உடைவைத் திருத்தினா நடுவில ஒரு துண்டும் ரெண்டு ஜொயின்ட்டும் ஏறும், அதுக்கு அங்கால எல்லாத் தூரமும் அந்தச் சுருள் அளவுக்குத் தள்ளும். அண்டைக்கே புது ட்ரேஸ் எடுத்துப் பழையதுக்குப் பக்கத்தில வைங்க.