பெயிண்ட் தோலாக உரிகிறது, சனிக்கிழமைக்குள் வேண்டும்

செம்பூர் அப்பா | திங்கள், இரவு 10.40
அனைவருக்கும் வணக்கம். மகன் இரண்டாம் வகுப்பு. சனிக்கிழமை, ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி தினம் என்று பள்ளியில் மாறுவேடப் போட்டி வைத்திருக்கிறார்கள். விண்வெளி வீரர் ஹெல்மெட் ஒன்று வீட்டிலேயே செய்தேன். வெள்ளை ஸ்ப்ரே அடித்தேன், பார்க்க அருமையாக இருந்தது. காலையில் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பை எடுத்தால், பெயிண்ட் முழுவதும் அதனோடு வருகிறது, அவித்த முட்டையின் சவ்வு உரிவது போல. மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே கதை. எந்த பெயிண்ட் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அவசரம்.

தூரிகைத்தம்பி | திங்கள், 10.52
எந்தப் பிளாஸ்டிக், அண்ணா?

கலைவாணி டோம்பிவிலி | திங்கள், 10.58
எந்த ஸ்ப்ரே? எனாமலா, அக்ரிலிக்கா? அடியில் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சு, உண்டா? அடிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? இவை தெரியாமல் பெயிண்டின் பெயரை எப்படிச் சொல்வது?

சயான் நண்பன் | திங்கள், 11.05
ஈரம்தான் காரணம், வேறு எதையும் தேட வேண்டாம். மழை விட்டபாடில்லை, எங்கள் வீட்டில் உப்பு ஜாடியே கசிந்து நிற்கிறது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, குண்டு பல்பின் சூட்டில் வைத்து அடித்துப் பாருங்கள்.

கலைவாணி டோம்பிவிலி | திங்கள், 11.12
குழந்தை இருக்கும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறீர்களா? நல்ல ஆலோசனை. ஈரம் பட்டால் பெயிண்ட் பால் படர்ந்தது போல வெளுக்கும், பளபளப்பு போகும். முழுத் தோலாக உரிந்து கையில் வராது.

சயான் நண்பன் | திங்கள், 11.15
மும்பையில் முப்பது மழைக்காலம் பார்த்தவன் சொல்கிறேன். ஈரம்தான்.

வண்ணமுனி | செவ்வாய், காலை 6.15
இதே கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கேட்பதற்கு முன் பழைய பதில்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் இப்போது யாருக்கும் கிடையாது. பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் அல்ல. வெள்ளை ஸ்ப்ரே என்பது பெயிண்டின் பெயர் அல்ல. முதலில் 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பொறுமையாகத் தேய்க்கவும். பிடிமானம் தேய்ப்பதில் இருக்கிறது, டப்பாவில் இல்லை. பொறுமை இல்லாதவர்கள் கடையில் வாங்கிக்கொள்வது நல்லது.

செம்பூர் அப்பா | செவ்வாய், 7.30
தேய்த்தேன் ஐயா. தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு போல இழை எழும்புகிறதே தவிர வழவழப்பாக வரவில்லை. சாதாரணப் பிளாஸ்டிக்தான். பெயிண்ட் அக்ரிலிக் என்று போட்டிருக்கிறது. பிரைமர் அடிக்கவில்லை. இன்று பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள், நானும் வீட்டில்தான் இருக்கிறேன், அதனால் இன்றே ஏதாவது செய்தாக வேண்டும்.

வேதியியல் டீச்சர் | செவ்வாய், 8.10
சாதாரணப் பிளாஸ்டிக் என்று ஒன்று இல்லை, ஆனால் அந்தப் பஞ்சு நல்ல துப்பு. ஏபிஎஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் மாவாக உதிரும். இழையாக எழும்பினால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீனாக இருக்க வேண்டும். அடிப்பாகத்தில் சிறிய முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். எண் தெரியாவிட்டால், வெட்டி எடுத்த துண்டு ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டு விடுங்கள். இவை இரண்டும் தண்ணீரைவிட லேசானவை, மேலே வந்து மிதக்கும். ஏபிஎஸ், பிவிசி, அக்ரிலிக் எல்லாம் மூழ்கிவிடும்.

மாட்டுங்கா ரசிகன் | செவ்வாய், 8.22
இவ்வளவு எதற்கு? ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். மெழுகுவத்தி வாசனை வந்தால் பாலிபுரொப்பிலீன்.

வேதியியல் டீச்சர் | செவ்வாய், 8.25
பிவிசியாக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். சமையலறையில் தண்ணீர்ப் பாத்திரம் இருக்கும்போது அந்த ஆராய்ச்சி வேண்டாம்.

செம்பூர் அப்பா | செவ்வாய், 9.02
மிதக்கிறது. எண் 5. அது பெயிண்ட் வாளிதான், போன தீபாவளிக்கு வீட்டுக்கு அடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் வாளி. கவிழ்த்து, முகத்துக்கு ஜன்னல் வெட்டியிருக்கிறேன்.

தூரிகைத்தம்பி | செவ்வாய், 9.06
அண்ணா! இதை நேற்று இரவே சொல்லியிருந்தால் எல்லோரும் நேரத்தோடு தூங்கியிருப்போம். அந்த வாளிக்குள் மிச்சமிருந்த பெயிண்ட் காய்ந்து, பாய் போலச் சுருண்டு வந்ததைப் பார்த்திருப்பீர்களே? உள்ளே ஒட்டாதது வெளியே மட்டும் எப்படி ஒட்டும்?

வேதியியல் டீச்சர் | செவ்வாய், 9.40
தம்பி சொல்வது சரி. ஒரு திரவம் பரப்பின் மேல் பரவி ஒட்ட வேண்டுமானால், பரப்புக்கு அதை இழுத்துக்கொள்ளும் ஆற்றல் வேண்டும். பாலிபுரொப்பிலீனுக்கு அது மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன்தான். தண்ணீரின் பரப்பு இழுவிசை 72. அதனால்தான் எவ்வளவு கழுவினாலும் அந்த வாளியின் மேல் தண்ணீர் சேம்பிலையில் நிற்பது போல முத்து முத்தாக நிற்கிறது. அக்ரிலிக் பெயிண்டின் கரைப்பான் ஏபிஎஸ் பரப்பைக் கொஞ்சம் இளக்கிக் கடித்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீனை அது தொடவே தொடாது. மேலே ஒரு சட்டை போல உட்காரும், அவ்வளவுதான். உப்புத்தாள் கொஞ்சம் உதவும். அது மட்டும் போதாது.

காரின் பம்பரும் பெரும்பாலும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான், அதற்குப் பெயிண்ட் ஒட்டத்தானே செய்கிறது? பட்டறைகளில் அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பிரைமர் வைத்திருப்பார்கள். குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபீன் கலந்தது, ஏறக்குறைய நிறமற்றது. முதலில் பாத்திர சோப்பால் கழுவிக் காயவிடுங்கள், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, இந்தப் பிரைமரை மெல்லியதாக ஒரே பூச்சு. டப்பாவில் எழுதியிருக்கும் நிமிடங்கள் கழித்து, இதன்மேல் உப்புத்தாள் போடாமல், நேராக வெள்ளை. அதையும் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலிருந்து மூன்று நான்கு மெல்லிய பூச்சாக. பழைய பெயிண்டை முழுவதும் உரித்த பிறகுதான் இவ்வளவும். பால்கனியில் அடியுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

வண்ணமுனி | செவ்வாய், 9.55
பம்பர் பிரைமரை நானும் குறிப்பிட்டிருப்பேன், வாளி என்று முதலில் சொல்லியிருந்தால். இருந்தாலும் தேய்ப்பது தேய்ப்பதுதான்.

மாட்டுங்கா ரசிகன் | செவ்வாய், 10.10
பிரைமர் எதற்கு? தொழிற்சாலைகளில் இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் தீச்சுவாலையை ஒரு நொடி ஓட்டிவிட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். கேஸ் டார்ச் இருந்தால் வேலை முடிந்தது.

வேதியியல் டீச்சர் | செவ்வாய், 10.14
அது உண்மை. அங்கே சுவாலையின் தூரமும் வேகமும் இயந்திரத்தின் பிடியில் இருக்கின்றன. உங்கள் கையில் அரை நொடி தவறினால் ஹெல்மெட் தட்டாகிவிடும். காலையிலிருந்து நீங்கள் எதையாவது கொளுத்தவே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

செம்பூர் அப்பா | செவ்வாய், 11.30
அந்தப் பிரைமர் எங்கே கிடைக்கும்?

தூரிகைத்தம்பி | செவ்வாய், 11.34
குர்லா சி.எஸ்.டி. சாலையில் வண்டி உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பக்கத்திலேயே கார் பெயிண்ட் கலப்பவர்களும் இருப்பார்கள். பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் என்று கேளுங்கள், வெறும் பிரைமர் என்று கேட்டால் இரும்புக்கு அடிப்பதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

சயான் நண்பன் | செவ்வாய், 11.41
குர்லாவில் தண்டவாளமே தண்ணீருக்குள் இருக்கிறது. ஹார்பர் பாதையில் ரயில் இல்லை. இன்று செம்பூரிலிருந்து படகில்தான் போக வேண்டும். ஈரம் என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள்.

கலைவாணி டோம்பிவிலி | செவ்வாய், மதியம் 12.20
போக வேண்டாம். இருப்பதை வைத்து ஒரு வழி சொல்கிறேன். அந்த வாளியில் எதுவும் ஒட்டாது என்பதுதானே குறை? அச்சுக்கு வேண்டிய குணமே அதுதான். எங்கள் பாட்டி கொலுவுக்குக் காகிதக் கூழில் பொம்மை செய்வார், அச்சிலிருந்து கழற்றத்தான் அதிகம் பாடுபடுவார். நீங்கள் வாளியைக் கவிழ்த்து, பழைய செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு அடுக்கு ஒட்டுங்கள். ஜன்னலை அப்படியே விட்டுவிடுங்கள். காய்ந்ததும் உருவினால், வாளி அடியில் சிறுத்து வாயில் அகன்றிருப்பதால் தொப்பி போலக் கழன்று வரும். காகிதத்தின் மேல் எந்த பெயிண்டும் ஒட்டும், சுவருக்கு அடித்து மிஞ்சியதே போதும். குழந்தைக்குக் கனமும் குறைவு.

மாட்டுங்கா ரசிகன் | செவ்வாய், 12.31
இந்த மழையில் மைதாப் பசை காய்வதற்குள் காளான் முளைத்துவிடும். அந்தக் காலத்தில் பசையில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், ஒரு சிட்டிகை போடுவார்கள், பூஞ்சை வராது.

கலைவாணி டோம்பிவிலி | செவ்வாய், 12.35
பள்ளிக்கூடத்துப் பையன் மூக்குக்கு நேரே மயில்துத்தமா? மைதாவுக்குப் பதிலாக மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுக் கலந்தால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் ஒட்டாமல், மின்விசிறிக்குக் கீழே வைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் காய்ந்துவிடும்.

விண்மீன் 83 | செவ்வாய், மாலை 4.05
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் வெள்ளை வெள்ளை என்கிறீர்கள். இஸ்ரோ 2018-இல் பெங்களூரு விண்வெளிக் கண்காட்சியில் காட்டிய ககன்யான் உடை ஆரஞ்சு நிறம். நம் நாட்டு வீரர் என்றால் ஆரஞ்சு அல்லவா அடிக்க வேண்டும்?

சயான் நண்பன் | செவ்வாய், 4.20
1984-இல் சோயுஸ் டி-11-இல் ராகேஷ் சர்மா போட்டுக்கொண்டு போனது வெள்ளை உடை. அவரைவிட நம் நாட்டு வீரர் யார்?

விண்மீன் 83 | செவ்வாய், 4.26
அது சோவியத் நாட்டு உடை ஐயா.

வண்ணமுனி | செவ்வாய், 5.00
இருவரும் பாதி தெரிந்துகொண்டு பேசுகிறீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கலத்துக்குள் அணிவது ஒன்று, வெளியே மிதக்கும்போது அணிவது வேறு. ஆரஞ்சு எதற்கு? கடலில் விழுந்தால் மீட்பவர் கண்ணுக்குத் தெரிவதற்கு. வெளியே நடப்பதற்கு வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு. முகப்புக் கண்ணாடியில் மெல்லிய தங்கப் பூச்சு இருப்பதும் சூரியனின் வெப்பத்தைத் தடுப்பதற்கே. பையன் கலத்துக்கு உள்ளே இருக்கிறானா, வெளியே இருக்கிறானா? அதை முதலில் முடிவு செய்யவும்.

விண்மீன் 83 | செவ்வாய், 5.08
பையன் பள்ளி மேடையில் இருக்கிறான்.

மாட்டுங்கா ரசிகன் | செவ்வாய், 6.30
வாளி, காகிதம் எல்லாம் விடுங்கள். பழைய பைக் ஹெல்மெட் இருந்தால் அதற்கு அடித்துவிடலாம். ஏபிஎஸ், பெயிண்ட் கச்சிதமாக ஒட்டும்.

தூரிகைத்தம்பி | செவ்வாய், 6.44
ஏழு வயதுக் கழுத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டுமா? அதோடு, அடித்த பிறகு யாராவது அதை மறுபடி வண்டிக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். சில ஓடுகள் பாலிகார்பனேட். தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஹெல்மெட்டுக்கான ஐஎஸ் 4151 தர முத்திரை வெளியே ஒட்டியிருக்கும், உள்ளே பலம் போயிருக்கும்.

செம்பூர் அப்பா | செவ்வாய், இரவு 9.15
இன்னொரு சந்தேகம். பெயிண்ட் தெறித்ததைத் தின்னர் வைத்துத் துடைத்தேன், முன்பக்கக் கண்ணாடி மூடுபனி போல ஆகிவிட்டது. அதை எப்படிச் சரிசெய்வது?

கலைவாணி டோம்பிவிலி | செவ்வாய், 9.18
கண்ணாடியும் இருக்கிறதா?!

தூரிகைத்தம்பி | செவ்வாய், 9.24
அக்ரிலிக் தகடாக இருக்கும். தின்னர் கடித்துவிட்டது அண்ணா, துடைத்தால் இன்னும் பரவும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஜன்னலைத் திறந்தே விடுங்கள். ஓரத்தில் மட்டும் மஞ்சள் செலஃபேன் தாளை நெற்றிவரை ஒட்டினால் தங்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டது போலத் தெரியும். மூச்சுக்கும் நல்லது. பின்னாலும் நான்கைந்து துளை போடுங்கள். எதை அடித்தாலும் கடைசிப் பூச்சை வியாழன் காலைக்குள் முடியுங்கள், தலையை உள்ளே விட்டால் வாசனையே வரக்கூடாது.

வேதியியல் டீச்சர் | புதன், காலை 7.50
என்ன முடிவு செய்தீர்கள்? பிரைமரா, காகிதமா?

கலைவாணி டோம்பிவிலி | வியாழன், இரவு 8.00
செம்பூர் அப்பா, இருக்கிறீர்களா?

சயான் நண்பன் | வியாழன், 8.12
வெயில் வந்துவிட்டது. அவர் பெயிண்ட் தானாகவே ஒட்டியிருக்கும்.

செம்பூர் அப்பா | சனி, இரவு 9.20
மன்னிக்கவும், அலுவலக வேலை. எங்கள் தெருமுனை டிங்கரிங் பட்டறையில் பம்பருக்கு அடித்து மிஞ்சியதை அவர்களே அடித்துக் கொடுத்தார்கள், பணம் வாங்கவில்லை. பெயிண்ட் ஒட்டிவிட்டது, டேப் போட்டு இழுத்தும் வரவில்லை. மகன் மேடையில் இரண்டு நிமிடம் போட்டிருந்தான், வியர்க்கிறது என்று கழற்றி இடுப்பில் குடம் போல வைத்துக்கொண்டான். மூன்றாம் பரிசு. அனைவருக்கும் நன்றி.

தூரிகைத்தம்பி | சனி, 9.31
வாழ்த்துகள்! பிரைமரின் பெயர் என்ன, எவ்வளவு நேரம் கழித்து வெள்ளை அடித்தீர்கள்? படம் இருந்தால் போடுங்கள் அண்ணா.

விண்மீன் 83 | சனி, 9.40
வெள்ளையா, ஆரஞ்சா?

வண்ணமுனி | ஞாயிறு, காலை 6.05
பட்டறையில் உப்புத்தாள் போட்டார்களா இல்லையா என்பதை மட்டும் சொல்லவில்லை.