ஏற்காட்டுல ரோடு அடைச்சா வீட்ல என்னென்ன இருக்கணும்? கடன் வாங்காம ரெடி பண்ண முடியுமா?

நாகலூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க ஏற்காடு பக்கம் நாகலூர். வீட்ல நான், சம்சாரம், யூகேஜி படிக்கிற பொண்ணு, அம்மா. அம்மாவுக்கு சுகர், ரெண்டு வேளை இன்சுலின். 2024 டிசம்பர் மொத ரெண்டு நாள் ஃபெஞ்சல் புயல் மழை ஞாபகம் இருக்கும், அடிவாரம் ரோட்ல மண் சரிஞ்சு வண்டி எதுவும் போகல, குப்பனூர் வழியா சுத்தித்தான் எறங்கணும்னு சொன்னாங்க, கரண்ட் இல்ல, டவரும் போச்சு. அன்னைக்கு வீட்ல ரெண்டு கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு, அவ்ளோதான். மறுநாள் காலைல சிலிண்டரும் தீந்துபோச்சு. அம்மாவோட மருந்துல நாலு நாளைக்குத்தான் மிச்சம். பொண்ணு பால் கேட்டு அழுதப்ப பக்கத்து வீட்டு பாட்டி ராகி கூழ் காச்சி குடுத்தாங்க, அத என்னால மறக்கவே முடியாது.

இனி அப்படி நிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். வீடியோல பாத்தா எமர்ஜென்சி கிட்னு பெரிய பேட்டரி, வெந்நீர் ஊத்தினா ரெடியாகற சாப்பாட்டு பாக்கெட்னு 18,000 ரூபாய்க்கு காட்டறாங்க. என் சம்பளமே 17,000. தவணைல வாங்கலாமா, இல்ல வேற வழி இருக்கா?

---

காப்பித்தோட்டம் எழுதியது:

தம்பி, தவணைக்கு மட்டும் போகாதீங்க. சாமான் வாங்கிட்டு மாசா மாசம் வட்டி கட்டறது வீட்டுக்குள்ளயே ஒரு புயல கொண்டுவந்து வெக்கிற மாதிரி. உங்க கேள்விக்கு பதில் உங்க கேள்விலயே இருக்கு, அந்தப் பாட்டி வீட்ல எப்படி ராகி இருந்துச்சு? எங்க அம்மாவும் அப்படித்தான், அறுப்பு முடிஞ்சதும் ராகி, சாமை ரெண்டும் மூட்டையா உள்ள போயிடும், சாமைய உமியோடயே வெச்சிருப்பாங்க, வேணுங்கறப்ப மட்டும் குத்துவாங்க. உமி நீக்கின சாமை சீக்கிரம் காறிப்போகும், உமியோட இருந்தா வருசக்கணக்குல கெடாது. பலாக்கொட்டைய செம்மண் சேத்துல பொரட்டி காயவெச்சு பானைல போட்டா பலா சீசன் முடிஞ்சும் குழம்புக்கு வரும். இதெல்லாம் ஆபத்துக்குன்னு யாரும் செய்யல, சிக்கனமா குடும்பம் நடத்தினாங்க, ஆபத்து வந்தப்ப அதுவே கைகுடுத்துச்சு.

விறகும் சேத்து வைங்க. சில்வர் ஓக் கொப்பு கழிக்கிறப்ப தோட்டத்துல கேட்டு வாங்கி சித்திரைக்குள்ள காயவெச்சு தாழ்வாரத்துல அடுக்கிடுங்க, மழைக்காலத்துல ஈர விறக ஊதி கண்ணு போறதுதான் மிச்சம். ஒன்னு மட்டும் கண்டிப்பா சொல்றேன், குளிருதுன்னு கரி அடுப்ப மூடின ரூம்ல வெச்சு தூங்காதீங்க, அதுல வர்ற விஷவாயுவுக்கு வாசமே இருக்காது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

---

செவ்வாய்ப்பேட்டை மளிகை எழுதியது:

அக்கா சொன்னதுதான் சரி. நான் மளிகை யாவாரத்துல இருக்கேன், 2020 மார்ச்ல ஊரடங்கு அறிவிச்சப்ப கடை முன்னாடி நின்ன கூட்டத்த பாத்தவன். அன்னைக்கு பத்து கிலோ அள்ளுனவங்களால பின்னாடி நின்னவங்களுக்கு ஒரு கிலோ கூட கெடைக்கல. சாதாரண மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா சேக்கறதுல யாருக்கும் நட்டமில்ல.

எப்படின்னா, மாச லிஸ்ட்ல ஒரே ஒரு சாமான் மட்டும் கூட ஒரு கிலோ. இந்த மாசம் அரிசி, அடுத்தது பருப்பு, அப்புறம் எண்ணெய். புதுச பின்னாடி வைங்க, பழச மொதல்ல எடுங்க. கொஞ்ச கொஞ்சமா அவசரத்துக்கு சாப்பாடு கையில நிக்கும், நீங்க தெனம் திங்கறதுதான், அதனால எதுவும் வீணாப் போகாது. சீசன் பாத்து வாங்கினா காசும் மிச்சம்ங்க, புளி மாசி பங்குனில புதுசு வரும், கொட்ட எடுத்து கல்லுப்பு கலந்து ஜாடில அமுக்கி வெச்சா ஒரு வருசத்துக்கு கவலையில்ல. தொவரம்பருப்பும் தை மாசத்துக்கு மேல புதுசு வரும்.

பருப்ப வெயில்ல காயவெச்சா சூட்டோட டப்பால கொட்டிடாதீங்க, உள்ள வேர்த்து பூசணம் புடிக்கும். சாயங்காலம் நல்லா ஆறவிட்டு ரெண்டு துண்டு வசம்பு, நாலு காஞ்ச மொளகா போட்டு மூடுங்க, வண்டு அண்டாது. ஏற்காட்டு ஈரத்துக்கு சாக்குல வெக்கவே வெக்காதீங்க.

---

நர்ஸ்சிஸ்டர் எழுதியது:

எல்லாரும் சாப்பாட்ட பத்தியே பேசறீங்க, எனக்கு அம்மாவோட இன்சுலின்தான் கவலையா இருக்கு. அரிசி இல்லன்னா பக்கத்து வீட்ல கேக்கலாம், இன்சுலின கேக்க முடியாது. டாக்டர்கிட்ட சொல்லி எப்பவும் ஒரு மாசத்துக்கு முன்கூட்டியே கையிருப்பு இருக்கற மாதிரி சீட்டு எழுதி வாங்குங்க, எக்ஸ்பயரி தேதி பாத்து பழச மொதல்ல போடுங்க. கரண்ட் போனா பதறாதீங்க, பெரும்பாலான இன்சுலின் பாட்டில தொறந்தப்புறம் வெளிய வெச்சாலும் நாலு வாரம் தாங்கும், பாட்டிலோட வர்ற தாள்ல எத்தன நாள்னு போட்டிருக்கும். டிசம்பர்ல உங்க ஊர் குளிருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வெயில் காலத்துல மண்பானைக்குள்ள ஈர மணல் போட்டு, நடுவுல சின்ன பானைல மருந்த கவர் சுத்தி வைங்க. ஐஸ் மேல நேரா வெக்கக் கூடாது, ஒருதடவ ஒறஞ்சுட்டா அந்த மருந்து தூக்கிப் போட வேண்டியதுதான். சாப்பாடு கொறையற நாள்ல சுகர் எறங்கிடும், அம்மா கைக்கு எட்டற எடத்துல சர்க்கரை டப்பா இருக்கட்டும்.

தண்ணிக்கு கூரையே போதும். பத்துக்குப் பத்து தகரத்துல ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 90 லிட்டருக்கு மேல விழும். மொத கால்மணி நேரத் தண்ணிய விட்டுட்டு அப்புறம் டிரம்ல புடிங்க, குடிக்கறத தளதளன்னு கொதிக்க வெச்சு ஆறவிடுங்க. 108, கலெக்டர் ஆபீஸ் அவசர நம்பர் 1077 ரெண்டையும் பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டுங்க, போன்ல மட்டும் இருந்தா சார்ஜ் போனதும் நம்பரும் போச்சு.

---

நாகலூர்க்காரன் எழுதியது:

அக்கா, அண்ணா, சிஸ்டர், எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கிட் வாங்கல. இந்த மாசம் புழுங்கலரிசி ரெண்டு கிலோ கூட வாங்கியாச்சு, அம்மாவுக்கு ஒரு பாட்டில் எக்ஸ்ட்ரா வாங்கிட்டேன். நீங்க எழுதினத அம்மாகிட்ட படிச்சுக் காட்டினா, எந்திரிச்சுப் போயி பரண்ல இருந்த பழைய ஜாடிய எறக்கச் சொன்னாங்க, எங்க பாட்டி புளி போட்டு வெச்ச ஜாடியாம், கழுவறப்ப அந்த வாசம் இன்னும் இருந்துச்சு. பக்கத்து வீட்டு பாட்டிக்கும் சேத்து விறகு அடுக்கலாம்னு இருக்கேன். உமியோட சாமை எங்க கெடைக்கும்க்கா?

---

காப்பித்தோட்டம் எழுதியது:

கடைல தேடாதீங்க, அங்க எல்லாம் தீட்டினதுதான். எங்க வீட்லயே இருக்கு, ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வர்றப்ப ஒரு பை எடுத்துட்டு வாங்க, ரெண்டு படி தரேன். அதுல ஒரு படிய ஆடில வெதச்சுப் பாருங்க தம்பி.