5 அடி பல்கனி: மேசனின் கையா, இஞ்சினியரின் கணக்கா?

களுவாஞ்சிகுடியான்

சண்டை பிடிக்கத்தான் இந்த இழையைத் திறக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் சைட்டில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் வெளிநாட்டில். வட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, முன்பக்கப் பல்கனி இப்படி 5 அடி வெளியே நிற்க வேண்டும் என்கிறார். எங்கள் மேசனார் ஊரில் பாதி வீட்டுக்குப் பல்கனி போட்டவர். 3 அடிக்குப் போடும் அதே 5 அங்குலச் சிலாப், அதே 10 மில்லிமீற்றர் கம்பி, "கொஞ்சம் நெருக்கிக் கட்டினால் சரி" என்று முடித்துவிட்டார். இஞ்சினியர் அனுப்பிய தாளிலோ சுவரோரத்தில் 7 அங்குலத் தடிப்பு. மேற்கம்பி ஏறத்தாழ இரட்டிப்பு. போதாததற்கு, அந்தக் கம்பி வீட்டுக்குள்ளேயும் ஏழரை அடி ஓட வேண்டுமாம்.

தாளை மேசனாரிடம் காட்டினேன். "ஏட்டுச் சுரைக்காய்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

நான் மேசனார் பக்கம். வீடோ பாலமோ, முதலில் கண்ணிலும் கையிலும்தான் உருவாகிறது. கணக்கு அதற்குப் பிறகு கையெழுத்துப் போட வருகிற ஆள். மறுப்பவர்கள் வரலாம்.

பேராதனைக்காரன்

//கணக்கு அதற்குப் பிறகு கையெழுத்துப் போட வருகிற ஆள்//

தம்பி, இதைப் பல்கனியில் நின்றுகொண்டு எழுதினீர்கள் என்றால் முதலில் இறங்கி வாருங்கள்.

3 அடிக்கும் 5 அடிக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் 2 அடி. ஆனால் சுவரோரத்தில் சிலாப்பை முறிக்கப் பார்க்கும் திருப்பம் நீளத்தின் வர்க்கத்தோடு ஏறும். 9 இருந்த இடத்தில் 25, அதாவது 2.8 மடங்கு. நுனி கீழே தொங்கும் அளவு நான்காம் அடுக்கோடு ஏறும்: 81 இருந்த இடத்தில் 625. தடிப்பை மாற்றாவிட்டால் ஏறத்தாழ 8 மடங்கு. இதில் வீட்டுக்காரர் நுனியில் செங்கல் கைப்பிடிச் சுவர் கேட்பார், அதற்கு மேல் பூச்சாடி வரிசை. எல்லாப் பாரமும் இருக்கவே கூடாத இடத்தில் போய்க் குந்தும்.

"கொஞ்சம் நெருக்கி" என்பதற்குள் இந்த 2.8 அடங்குமா?

3 அடிக்கு மேசனாரின் கை சொல்வதை நானும் நம்புவேன். அவர் போட்டார், நின்றது, மறுபடியும் போட்டார். ஆனால் கை நேர்கோட்டில்தான் கூட்டும். நீளம் ஒன்றரை மடங்கு என்றால் கம்பியும் ஒன்றரை மடங்கு என்று கூட்டும். வர்க்கம் அதற்குத் தெரியாது.

ஓடாவிமகன்

இஞ்சினியர் சேர், கை நேர்கோட்டில்தான் கூட்டும் என்று யார் சொன்னது? என் வாப்பா காத்தான்குடியில் தோணி கட்டியவர். ஒரு தாளும் இல்லை, பென்சில் காதில் மட்டும். நீளமான தோணிக்கு ஓடர் வந்தால் பலகையைத் தடிப்பாக்கிவிட்டு நிற்கமாட்டார். அடியில் நீளமாக ஓடும் ஏராக்கட்டைக்கு வேறு மரம் தேடுவார், விலா எலும்புபோல நிற்கும் வங்குகளை நெருக்குவார், முன்பக்க அணியத்தில் பலகையை வளைக்கும் விதமே மாறும். ஏன் என்று கேட்டால் "தண்ணி கேட்கும்" என்பார். வர்க்கம், நான்காம் அடுக்கு ஒன்றும் படிக்காதவர். தோணி முறியவில்லை.

ஒலுவில் சிவில்

காக்கா, உங்கள் வாப்பாவின் கையில் தோணி கட்டும் பல தலைமுறை ஓடாவிமாரின் அனுபவம் இருக்கிறது. முறிந்த தோணிகளிலிருந்து கற்றதும் அதற்குள் இருக்கும். முறிந்தால் நீந்திக் கரைக்கு வரலாம் என்பதால் அப்படிக் கற்க முடிந்தது. பல்கனியில் அந்த வசதி இல்லை.

உள்ளுணர்வை நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. கலிலியோ 1638இல் அச்சிட்ட நூலில் எடுத்துக்கொண்ட சிக்கல் கிட்டத்தட்ட இதே பல்கனிதான்: ஒரு முனை சுவரில் செருகிய மரவிட்டம், மறுமுனையில் பாரம். ஆழத்தை இரட்டித்தால் பலம் நான்கு மடங்கு என்றார். அது சரி. ஆனால் விட்டம் கீழ்விளிம்பைச் சுற்றித் திரும்பும், குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடும் என்று எடுத்துக்கொண்டார். மேற்பாதி இழுபட, கீழ்ப்பாதி நசுங்கும் என்பது அவர் படத்தில் இல்லை. அதனால் வந்த விடை இருக்க வேண்டியதைப்போல 3 மடங்கு. இது ஒழுங்காகித் தீர 1773இல் கூலோம், 1826இல் நவியே என்று இரண்டு பிரெஞ்சு இஞ்சினியர்கள் வர வேண்டியிருந்தது.

கலிலியோவுக்கே 3 மடங்கு சறுக்கியது.

வாவிக்கரையான்

பிள்ளைகள் நன்றாக வாதாடுகிறீர்கள். நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அம்பாறைப் பக்கம் வயலிலும் வாய்க்காலிலும் காலம் போனது.

மகள், கலிலியோவை நீங்கள் எனக்காகத்தான் கூட்டி வந்திருக்கிறீர்கள். ஆழத்தின் வர்க்கம் என்ற விதி முதலிலேயே சரியாக வந்துவிட்டது, எண்தான் பிறகு திருந்தியது. விட்டம் எப்படி முறியும் என்று மனக்கண்ணில் ஒருவர் பார்த்திராவிட்டால் நவியே எதைத் திருத்தியிருப்பார்?

சரி, சைட்டுக்கு வாருங்கள். அந்தத் தாளில் 7 அங்குலச் சிலாப்புக்கு மேற்கம்பி மேல்முகத்திலிருந்து 1 அங்குலம் கீழே என்று இருக்கும். பலகை அடித்து, கம்பி கட்டி, காலையில் அழகாகத்தான் இருக்கும். கொங்கிறீட் வரத் தொடங்கியதும் தாச்சி கைமாற்றுகிறவர்கள் எங்கே கால் வைக்கிறார்கள் என்று பாருங்கள். மேற்கம்பியில். பல்கனி ஓரத்துக்குப் போக வேறு வழியே இராது. கம்பிக்கு அடியில் வளைத்த தாங்குகம்பி போதாவிட்டால் மத்தியானத்துக்குள் 2 அங்குலம் இறங்கிவிடும். அடியிலிருந்து 6 அங்குல உயரத்தில் நிற்க வேண்டிய கம்பி 4இல் கிடக்கும். பலத்தில் மூன்றில் ஒன்று போயிற்று. மேலே மட்டப்பலகை இழுத்து மெழுகிவிட்டால் கடவுளுக்கும் தெரியாது.

நல்ல மேசன் இதற்காகக் கம்பிக்கு மேலே தனிப் பலகை போட்டு நடைபாதை செய்வார். யாராவது தவறிக் கம்பியை மிதித்தால் கிழக்கு மாகாணமே கேட்கும்படி கத்துவார். அந்தக் கத்தல் எந்தச் சமன்பாட்டில் இருக்கிறது?

பேராதனைக்காரன்

ஐயா, அருமையான விளக்கம். ஒன்று கேட்கிறேன், மூன்றில் ஒன்று போயிற்று என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? 6ஐயும் 4ஐயும் வைத்து. அதுதான் சமன்பாடு! மேசனாருக்கு மிதிக்கக் கூடாது என்று தெரியும். மிதித்தால் எவ்வளவு நட்டம், இடித்துத் திரும்பப் போட வேண்டுமா, அப்படியே விடலாமா என்று தீர்மானிக்க அந்த எண் வேண்டும்.

அனுபவத்தைக் கும்பிடுகிறவர்கள் கனடாவின் கியூபெக் பாலத்தையும் கேளுங்கள். பொறுப்பாக இருந்த தியடோர் கூப்பர் அமெரிக்காவில் அன்று பேர்பெற்ற பால நிபுணர். நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டினார்கள். பாலத்தின் சொந்தப் பாரம் எவ்வளவு கூடும் என்று திரும்பக் கணக்கிடாமல் பழைய எண்ணோடு போனார்கள். பிழை தெரிய வந்தபோது வேலை பாதி நடந்துவிட்டது. கூடுதல் பாரத்தைப் பாலம் தாங்கும் என்று கூப்பர் தன் அனுபவத்தை வைத்து முடிவெடுத்தார். 1907 ஓகஸ்ட் 29 அன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. 75 பேர் போனார்கள்.

இதுவும் "கொஞ்சம் நெருக்கிக் கட்டினால் சரி" வகைதான்.

வாவிக்கரையான்

கதையின் மற்றப் பாதியையும் சொல்லுங்கள் தம்பி. சைட்டில் மக்லூர் என்று ஓர் இளம் இஞ்சினியர் நின்றார். அழுத்தம் தாங்கும் கீழ் உறுப்புகளில் தகடுகள் நெளிவதை அவர் பார்த்து அளந்து எழுதினார். கம்பனிக்காரர் சொன்ன பதில், அவை பொருத்துவதற்கு முன்பே நெளிந்திருந்தன என்பது. நம்பாமல் அவர் நியூயோர்க் போய்க் கூப்பரைச் சந்தித்தார். அன்று மாலையே பாலம் விழுந்தது. அவர் பார்த்தது கண்ணால்.

பேராதனைக்காரன்

பார்த்தார், *அளந்தார்*. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

களுவாஞ்சிகுடியான்

கணக்கு மட்டும் கவிழ்க்காதா? நோர்வேயில் 1991 ஓகஸ்டில் ஸ்லைப்னர் என்ற எரிவாயு மேடையின் கொங்கிறீட் அடிப்பகுதியைக் கடலில் இறக்கிச் சோதித்தபோது சுவர் வெடித்து முழுதாக மூழ்கியது. கணினியில் கட்டமைப்பைச் சிறு கட்டங்களின் வலையாகப் பிரித்துப் போடும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கு எல்லாம் போட்டுத்தான் கட்டினார்கள். அந்த இடத்தில் வலையைப் பெரிய பெரிய கட்டமாகப் பிரித்ததால் வெட்டுவிசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டிவிட்டது. பென்சிலோடு வளர்ந்த பழைய ஆள் ஒருவர் அந்த மூலையைப் பார்த்திருந்தால் "இந்தச் சுவர் மெலிவு" என்று சொல்லியிருக்கமாட்டாரா?

பேராதனைக்காரன்

சொல்லியிருக்கலாம். ஆனால் பிறகு ஒழுங்காகக் கணக்கிட்டபோது 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65இல். "மெலிவு" என்று சொல்கிறவரிடம் எத்தனை மீற்றரில் என்று கேட்டுப் பாருங்கள்.

மட்டுறுத்துநர்

ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொல்லித் திட்டிய பதிவு எடுக்கப்பட்டது. விஷயத்தைப் பேசுங்கள்.

ஒலுவில் சிவில்

ஐயா நீர்ப்பாசனத்தில் இருந்தவர் என்பதால் அங்கேயே வருகிறேன். குளத்தில் மிஞ்சும் நீர் வழிந்தோடும் வான் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை யாருடைய அனுபவத்திடம் கேட்பது? வயல்காரரின் தலைவரான வட்டவிதானை அறுபது வருடம் வயலில் இருந்தவராக இருக்கட்டும். 2011 தைமாத வெள்ளத்தைப் பார்த்திருப்பார். 1957 வெள்ளம் தகப்பன் சொன்ன கதையாகத்தான் அவரிடம் இருக்கும். நூறு வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய மழையை ஓர் ஆயுள் காணாமலே போகலாம். மழைமானியின் பதிவுகளை வரிசையாக்கி, நிகழ்தகவு போட்டு, இதுவரை வராத வெள்ளத்துக்கும் ஓர் அளவு வைப்பது கணக்கால்தான் முடியும்.

பழைய குளங்களைக் காட்டி முன்னோர் கணக்கில்லாமல் கட்டவில்லையா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். நாம் பார்ப்பது நின்ற குளங்களை. உடைந்த அணைகள் காட்டுக்குள் மண்மேடாகக் கிடக்கின்றன, அவற்றுக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

வாவிக்கரையான்

வான் அகலத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முன்னோரை வெறும் அதிர்ஷ்டசாலிகள் ஆக்கிவிடாதீர்கள். பழைய பெருங்குளங்களில் நீரை வெளியே விடும் மதகான துருசுக்கு முன்னால் அணைக்குள்ளே சதுரக் கிணறு ஒன்று இருக்கும், சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். ஆழத்து நீரின் வேகத்தை அடக்கி வெளியே விடுவதற்கு. நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பேர்நூலியின் சூத்திரம் 1738இல்தான் வந்தது. அதற்கு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேல் முன்பே இது இருந்தது. ஹென்றி பார்க்கர் என்ற வெள்ளைக்கார நீர்ப்பாசன இஞ்சினியரே இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். "இங்கே ஒரு கிணறு வேண்டும்" என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. சொன்னது ஒரு மனிதனின் தலை. கிணறு என்று ஒன்று வந்த பிறகுதான் அதன் அளவை நீங்கள் கணக்கிடலாம்.

உங்கள் வாசலிலேயே இன்னொன்று இருக்கிறதே மகள். ஒலுவில் துறைமுகம்.

ஓடாவிமகன்

அதைச் சொல்லுங்கள் ஐயா!! இதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஒலுவில் சிவில்

தெரியும், எல்லா விவாதமும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். 2013இல் திறந்தார்கள். அலைதடுப்பின் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஒலுவில் கரையும் நிந்தவூர்ப் பக்கமும் அரிபட்டன, வாயிலை மணல் மூடி வள்ளங்கள் போக முடியாமல் தவித்தன. கரைவலை இழுக்கிறவர்களுக்கு மணல் வடக்கே நடக்கும் என்று தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "மணல் வரும்" என்பதை எந்தக் கடற்கரையிலும் சொல்லலாம். துறைமுகமே கட்டாமல் விடுவதா, கட்டி வருடாவருடம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே மாற்றிப் போடுவதா என்பது எத்தனை கனமீற்றர் என்ற கேள்வி.

வாவிக்கரையான்

அந்தக் கனமீற்றருக்கான சூத்திரத்தை அந்தந்தக் கரையில் அளந்து சரிக்கட்டாவிட்டால் விடை மடங்குக் கணக்கில் பிழைக்கும். அது உங்கள் பாடத்திலேயே இருக்கும். எங்கே அளப்பது, எந்த மாதத்தில் கடல் உண்மையைக் காட்டும் என்று யாரைக் கேட்பீர்கள்?

ஒலுவில் சிவில்

கரைவலைக்காரரைத்தான் கேட்பேன். கேட்டுவிட்டு அதோடு நிற்கமாட்டேன் ஐயா. அவர் வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களைச் சொல்வார், ஏனென்றால் கடல் அப்போதுதான் கண்ணில் அடிக்கும்படி மணலைத் தூக்கும். மற்ற மாதங்களில் மெதுவாக, நாள் முழுக்க, ஒரே பக்கமாக நகர்வது கண்ணில் படாது, ஆனால் அதையும் கூட்டினால்தான் மொத்தம் வரும். அதனால் வருடம் முழுக்க மாதத்துக்கு ஒருமுறை கரையின் குறுக்குவெட்டை அளக்க வேண்டும், துறைமுகத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும்.

பேராதனைக்காரன்

அந்த அளவு கைக்கு வந்த பிறகுதான் மணல் அகழும் கப்பலுக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை என்று சொல்லலாம். அது தெரியாமல் துறைமுகத்துக்கு என்ன செலவு என்று யாரும் சொல்ல முடியாது. அனுபவசாலியாலும் முடியாது, என்னாலும் முடியாது.

வாவிக்கரையான்

அளக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அரிபட்ட இடத்தில் மட்டும் போடாதீர்கள். அதற்கு இன்னும் வடக்கே, இப்போது நன்றாக இருக்கும் கரையிலும் ஒன்று போடுங்கள். அடுத்தது அங்கேதான் தொடங்கும்.