மொரிஸ் மைனரில் வைப்பர், சிக்னல் எல்லாம் ஒன்றாக நிற்கின்றன

கேள்வி (நெல்லியடி):
அண்ணைமாரே, அப்பாவின் 1963 மொரிஸ் மைனர் கார். வல்லைவெளிப் பக்கம் போகையில் வைப்பர், சிக்னல், பிரேக் லைற், பெற்றோல் மீற்றர் நான்கும் ஒரேயடியாக நின்றுவிடுகின்றன. குழியில் விழுந்தால் திரும்ப வேலை செய்கின்றன! எஞ்சின், ஹோர்ன், ஹெட்லைற்றில் குறையில்லை. கராச்சில் புதுப் பற்றரி போட்டார்கள், பலனில்லை.

பதில் (கொக்குவில்):
பற்றரிக்குக் கொடுத்த காசு வீண், தம்பி. நான்கும் பியூஸ் பெட்டியில் ஏ3, ஏ4 என்ற முனைகளுக்கிடையே உள்ள பியூஸ் வழியாகப் போகும் பச்சை வயரில் இருப்பவை. ஹோர்ன் ஏ1–ஏ2இல், இக்னிஷன், ஹெட்லைற்றுக்குப் பியூஸே இல்லை. உப்புக் காற்றில் பியூஸ் கிளிப் பச்சை பிடித்திருக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு, கிளிப்பை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, சற்று நெருக்கிவிடுங்கள். பிறகு பற்றரியைத் திரும்பப் பூட்டி, வைப்பரை ஓடவிட்டு பியூஸ் பெட்டியின் ஏ3, ஏ4 முனைகளுக்கிடையே வோல்ற் மீற்றர் வையுங்கள். அரை வோல்ற் காட்டினாலே தொடுப்பு சரியில்லை. 35 அம்பியர் பியூஸ்தான். எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றுகிற வேலை வேண்டாம்.

பதில் (மானிப்பாய்):
ஏர்த்தையும், அதாவது கார் பொடியோடு சேரும் வயர்த் தொடுப்பையும் பாருங்கள்.

பதில் (கொக்குவில்):
ஏர்த் பிழையென்றால் நான்கும் இப்படிச் சேர்ந்து நிற்பது அபூர்வம். ஒன்று மட்டும்: பழைய வயரிங் மாற்றாவிட்டால் அது பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு சேரும். பற்றரியை முனை மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்.

கேட்டவர்:
கிளிப் ஒன்று விரலால் தொட்டாலே ஆடுகிறது அண்ணை. நாளைக்குத் தேய்க்கிறேன்.