ஷூஃப் மலைப் பக்கம் நடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஏப்ரல் கடைசியில் லெபனான் போகலாம் என்று இருக்கிறேன். பெய்ரூட்டில் ஒரு நாள் போதும், மீதியெல்லாம் ஷூஃப் மலையில்தான். ட்ரூஸ் என்ற தனி மதச் சமூகத்தினரின் பழைய ஊரான பாக்லீனில் தங்கி, சுற்றி நடக்க ஆசை. ஆட்டோமான் காலத்து அரசு மாளிகை அங்கே சிறைச்சாலையாக இருந்து, இப்போது நூலகமாகியிருக்கிறது. எனக்கு அரண்மனைகளைவிட இந்த மாதிரி கட்டடங்கள்தான் பிடிக்கும். பெய்டெத்தீன் அரண்மனை பக்கத்திலேயே என்பதால் அதையும் விடமாட்டேன், சரி.

முதல் சந்தேகம், மாசர் எல் ஷூஃப் கிராமத்திலிருந்து தேவதாரு காட்டுக்கு ஏறி, முகட்டில் நின்று பெக்கா பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் மேலே பனி கரைந்திருக்குமா? சாதாரண ட்ரெக்கிங் ஷூ போதுமா?

அப்புறம், பெய்ரூட்டின் கோலா சந்திப்பிலிருந்து இந்தப் பக்கம் புறப்படும் வேன்கள் மாலையில் திரும்பக் கிடைக்குமா, டாக்ஸிதான் கதியா?

ட்ரூஸ் வழிபாட்டு இடமான கல்வத்துக்குள் வெளியாட்கள் போகக் கூடாது என்று தெரியும். ஆனால் வெள்ளை முக்காடு போட்ட பாட்டிகளையும், கறுப்புத் தொளதொள கால்சட்டை, வெள்ளைத் தொப்பியில் வரும் பெரியவர்களையும் கேட்டுவிட்டுப் படம் எடுக்கலாமா? யாராவது வீட்டில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டால், ஒரே உறிஞ்சுகுழலை எல்லோரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்களாமே, மறுத்தால் தப்பாக நினைப்பார்களா?

பாதுகாப்பு நிலவரம் பற்றி சமீபத்தில் போய் வந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். செய்தி பார்த்துப் பயமுறுத்த வீட்டிலேயே ஆள் இருக்கிறது.