மரத்தில் சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்): பாதி வெட்டில் கெட்டுப்போன அனுபவங்களைப் பகிருங்க

தேக்குத்தூள்:
‘அருணா இல்லம்’னு வீட்டுப் பெயர்ப் பலகை, தேக்கு, 60 டிகிரி வி-பிட் (‘V’ மாதிரி கூரா இருக்கிற வெட்டு முனை). மத்த செட்டிங் எல்லாரும் வைக்கிறதுதான். ‘ணா’ முடியப்போற நேரத்துல ‘டிக்’னு ஒரு சத்தம். நடுச்சுழிக்குள்ள நின்ன 2 மி.மீ. மரம் தெறிச்சு வாக்குவம் குழாய்க்குள்ள போயிடுச்சு, எடுத்து ஒட்டவும் வழியில்ல. சுழிக்குள்ள நிக்கிற மரத்துக்கு நார் நீளமே கிடையாது, உதிரத்தான் செய்யும். சுழி அகலமான எழுத்துருவா எடுங்க, வெட்டுறதுக்கு முன்னாடி சாண்டிங் சீலர் (மர நாரை இறுக்கிப் பிடிக்கிற பூச்சு) ஒரு கை அடிங்க.

நாலாவது அச்சு:
நார் மேல பழி போடாதீங்க. பலகை மட்டமா இருந்துச்சா? மேடான இடத்துல பிட் ஆழமா இறங்கிடும். 60 டிகிரி பிட்ல அரை மி.மீ. ஆழம் கூடினா கோடு 0.58 மி.மீ. அகலமாகும். சுழிக்கு ரெண்டு பக்கமும் கோடுதானே, அந்த 2 மி.மீ. மரம் 1.4 ஆயிடும். 90 டிகிரி பிட்னா இன்னும் மோசம், அரைக்கு முழுசா 1 மி.மீ. கூடும். முதல்ல தட்டையான சர்ஃபேசிங் பிட்டால மேல் பக்கத்தைச் சீவுங்க. கிளாம்ப்பைக் கழட்டாம, சீவின பரப்புலயே இசட் ஜீரோ (ஆழத்தை அளக்கத் தொடங்குற புள்ளி) எடுங்க. சீலரெல்லாம் அப்புறம்.

கோலெட் கோவிந்தன்:
இங்க பாக்கெட் (தட்டையான தரையுள்ள பள்ளம்) வெட்டும்போது தரை ஒரு பக்கம் 4 மி.மீ., மறு பக்கம் 6. சரிவுப் பாதை மாதிரி வழவழன்னு இறங்கியிருந்துச்சு. மோட்டார் ஸ்டெப் எதுவும் தவறல. பிட்தான் கோலெட்ல (பிட்டை இறுக்கிப் பிடிக்கிற வளையம்) இருந்து வழுக்கிக் கீழ இறங்கியிருக்கு. அப்கட் பிட் சீவலை மேல தள்ளும், தன்னைக் கீழ இழுத்துக்கும். ஈஆர்11 அளவு கோலெட் 0.5 மி.மீ. மட்டும்தான் சுருங்கும், 3.175 மி.மீ. பிட் தண்டை 4 மி.மீ. கோலெட்ல பிடிக்கவே பிடிக்காது. கோலெட்டை நட்டுக்குள்ள ‘டக்’னு உட்காரவச்ச பிறகுதான் ஸ்பிண்டில்ல (பிட்டைச் சுத்துற மோட்டார்) மாட்டணும். உள்ள எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா தின்னரால துடைங்க.

மரச்சீவல்:
எனக்கு நடந்தது வேற: ஸ்பிண்டில் சுத்துது, அதை நகர்த்துற அச்சு நகரல. லேப்டாப்புக்கும் மெஷினுக்கும் நடுவுல யுஎஸ்பி தொடர்பு அறுந்துபோச்சு. ஒரே இடத்துல உரசி உரசிக் கறுப்பு வளையம், புகை. வாக்குவத்தோட பிளாஸ்டிக் குழாய்ல தூள் ஓடுறப்ப சேர்ற நிலைமின்சாரம்தான் காரணம். குழாய்க்குள்ள வெறும் செப்புக் கம்பி ஓட்டி எர்த் கொடுத்தா அடங்கும். குட்டையான, ஷீல்டு உள்ள யுஎஸ்பி கேபிள் போடுங்க. லேப்டாப்ல யுஎஸ்பி மின்சேமிப்பை அணைச்சு வைங்க.

கருகல்னு பேச்சு வந்ததால ஒரு விஷயம். புதுசா வர்றவங்க பயந்து ஃபீடை (பிட் நகர்ற வேகம்) குறைக்கிறாங்க, அதுதான் கருக வைக்குது. ஃபீடை சுற்று எண்ணிக்கையாலயும் பிட்டோட பல் எண்ணிக்கையாலயும் வகுங்க. ரெண்டு பல், 10,000 சுற்று, நிமிஷத்துக்கு 1000 மி.மீ.ன்னா ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. சீவல். அதே பிட்டை 24,000-ல விட்டு 600-ல நகர்த்தினா 0.0125 தான். பல் வெட்டாது, தேய்க்கும், சூடேறும். மரத்துல இருந்து சீவல் வராம மாவா வந்தா ஃபீடைக் கூட்டுங்க. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) எப்பவும் மாவுதான், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க, மாஸ்க் மட்டும் மறக்காதீங்க. தேக்குல சிலிக்கா உண்டு, எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட் சீக்கிரம் மழுங்கும், கார்பைடு வாங்குங்க. கருகின தூள் வாக்குவம் பைக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும், உடனே வெளிய கொட்டுங்க.

தேக்குத்தூள்:
சுழி போச்சுன்னா ஃபீடு கணக்கு வருது! மரச்சீவல், யாருங்க இதைக் கேட்டா?

நாலாவது அச்சு:
அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. உடைஞ்ச இடத்தோட ஆழத்தை அளந்து, அந்த அளவுக்கு மட்டும் மேல் பக்கம் முழுக்கச் சீவுங்க. எக்ஸ், ஒய் ஜீரோவை (பக்கவாட்டுத் தொடக்கப் புள்ளி) தொடாதீங்க, இசட் மட்டும் புதுசா. அதே ஃபைலை ஓட்டினா பழைய பள்ளம் முழுக்கப் புது வெட்டுக்குள்ள அடங்கிடும். கிளாம்ப்பை இன்னும் கழட்டலியே?