நகல் சர்வர்: சிங்க்ரனஸா, அசிங்க்ரனஸா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

இரவுப்பணி
அசிங்க்ரனஸ்தான் வைத்திருந்தோம்: நகலின் பதிலுக்குக் காத்திராமல் முதன்மை சர்வர் பதிவை முடித்துவிடும், நகலுக்கு அது பிறகு போகும். முதன்மை சர்வரின் வட்டு போனது, நகலை முதன்மையாக்கினோம், சில நிமிடங்களில் எல்லாம் எழுந்துவிட்டது. மூச்சு விட்டபோது ஒருவர் அழைத்தார்: "பணம் கட்டிய ரசீது என் கையில் இருக்கிறது. கட்டவே இல்லை என்கிறீர்களே?" கடைசி நான்கு நொடிப் பதிவுகள் நகலுக்கு வந்து சேரவே இல்லை. அவரிடம் என்ன சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வட்டுக்காரன்
உடனே சிங்க்ரனஸுக்குத் தாவிவிடாதீர்கள். அதில் நகல் ஒப்புக்கொள்ளும்வரை முதன்மை காத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ஒரே நகல், அதைப் பராமரிப்புக்காக நிறுத்தினேன். முதன்மையில் பிழைச்செய்தி இல்லை, சிபியு சும்மா கிடக்கிறது, ஆனால் ஒரு கமிட்கூட (பதிவை உறுதிசெய்யும் கடைசிப் படி) முடியவில்லை. பதறிப்போய், காத்திருந்த ஒன்றை ரத்து செய்தேன். ரத்தாகவில்லை! இங்கே கமிட் ஆகிவிட்டது, நகலுக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை மட்டும் வந்தது. வெலவெலத்துப் போனேன்.

கமிட்
வட்டுக்காரன், தவறு சிங்க்ரனஸில் இல்லை, ஒற்றை நகலை நம்பியதில்தான். எனக்கும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 10 முதல் 'இவற்றில் ஏதாவது ஒன்று ஒப்புக்கொண்டால் போதும்' என்று அமைக்கலாம். இரண்டு நகல் வையுங்கள். தொலைவையும் பாருங்கள்: கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகிறது, 1,000 கி.மீ. தள்ளி நகல் இருந்தால் போய்த் திரும்பவே ஒவ்வொரு கமிட்டுக்கும் குறைந்தது 10 மில்லிநொடி கூடும். எல்லாவற்றுக்கும் அந்தக் காத்திருப்பு எதற்கு? பணப் பதிவுக்குச் சிங்க்ரனஸ், வருகைப் பதிவுக்கு வேண்டாம் என்று பரிவர்த்தனைவாரியாகவே மாற்றலாம். இல்லையென்றால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் அரைச் சிங்க்ரனஸ் போதும் (பதிவு வந்து சேர்ந்தது என்று நகல் சொன்னால் போதும்), அது நிற்காது.

பழைய_நகல்
'நிற்காது' என்று இவ்வளவு எளிதாகச் சொல்லாதீர்கள், கமிட். நகலிடமிருந்து பதில் வராவிட்டால் அது இயல்பாக 10 நொடி பார்க்கும், பிறகு அசிங்க்ரனஸாக மாறிவிடும். எங்களுக்கு அப்படித்தான் மாறியது, ஒருவரும் கவனிக்கவில்லை. நகல் 30 நொடி பின்தங்கினால் மணி அடிக்கும்படி வைத்திருந்தோம். இணைப்பே அறுந்திருந்ததால் அந்த இடத்தில் எண்ணே இல்லை, நல் (NULL, அதாவது மதிப்பு இல்லை) என்றிருந்தது. நல் என்பது 30-ஐ விடப் பெரியதல்லவே, மணி அடிக்கவில்லை. முதன்மை விழுந்தபின் நகலைத் திறந்தேன். கடைசிப் பதிவில் முந்தைய நாள் தேதி இருந்தது.